மாமா அழைத்த விருந்தாளிகள்

பண்டிகைக் காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மனைவியின் கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். "சார் வீடு இதுதான? மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தாக" என்றார் அந்த மனிதர். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. கணவர் வீட்டுச் சொந்தங்களின் முகங்கள் இன்னும் பிடிபடாத காலம். யாரோ முக்கியமான உறவு என்று நினைத்து, சிரித்தபடியே அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அத்தையிடம் கேட்கச் சமையல்கட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னைக் கேட்டார்: "யாரும்மா அது, ஒங்க பக்கத்து ஆளுகளா?"

மாமா, அதாவது என் மாமனார், அகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் எல்லோருக்குமே அவர் 'சார்'தான். அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை முழுக்க முறுக்கும் அதிரசமும் சுட்டு, நடுச்சாமப் பூசைக்குப் போய், காலையில் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தோம். மாமாவுடைய தங்கை குடும்பம் மட்டும்தான் விருந்துக்கு வருவதாகப் பேச்சு. அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பை மாமா ஏற்றிருந்தார். கேக்குக்கும் கறிக்கும் சொல்லி வைப்பதும் அவர் வேலைதான்.

சனிக்கிழமையே சில விஷயங்கள் விநோதமாகத்தான் நடந்தன. பேக்கரியிலிருந்து பையன் ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து தந்தான். செத்த நேரம் கழித்து இன்னொன்று. சாயங்காலம் மூன்றாவது. அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வைதார். "ஒரு கேக்கு சொல்லச் சொன்னா மூணு சொல்லிட்டு வந்திருக்கீகளே. பேக்கரிக்காரனுக்குப் பொண்ணு குடுத்திருக்கீகளா?" எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார், ஆனால் எங்களுக்குச் சற்றுப் பிந்தி. ஞாயிறு காலை கறிக்கடையிலிருந்தும் அப்படியே இரண்டு முறை கறி வந்தது. அப்போதும் அத்தை வைதார். நானோ, பண்டிகை நாளில்கூட இந்த மனுஷி புருஷனை இப்படிப் பேசவேண்டுமா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் வந்தவர் மாமாவின் பழைய மாணவர் என்பது காப்பி கொடுக்கும்போது தெரிந்தது. அவருக்குப் பின்னால் காந்திகிராமத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மனைவியோடு வந்தார். அப்புறம் கொடைரோட்டிலிருந்து ஒரு குடும்பம். பிறகு யார் யாரோ. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சார் போன் பண்ணிக் கூப்பிட்டார். காந்திகிராமத்து ஆசிரியர் உருகிப்போய்ச் சொன்னார், "ஒரே நாள்ல மூணு தடவ கூப்பிட்டாரும்மா. இம்புட்டுப் பிரியமாக் கூப்பிட்டா எப்படி வராம இருக்குறது?"

அதன்பிறகு நடந்ததெல்லாம் கலங்கலாகத்தான் நினைவில் இருக்கிறது. பிரியாணிக்கு அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு அண்டா வந்தது. இரண்டாவது முறை வந்த கறிதான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. என் கணவர் அரிசிக்கு ஒரு தடவை, இலைக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை என்று சைக்கிளில் ஓடினார். முதல் பந்தியில் யார் சாப்பிட்டார்கள், யார் இன்னும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டவரையே மறுபடி உட்காரச் சொன்னேன். அவரும் மறுக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது தண்ணீர் பிடிக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மாமா புது வேட்டி சட்டையோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உள்ள இருக்காகளே, அவுகல்லாம் யாரு? நம்ம வீட்ல என்ன விசேசம்?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப் பேசக்கூடியவர்தான். சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வழி தவறிப்போனவர் தெருவில் யாரையாவது நிறுத்தி விசாரிக்கும்போது முகத்தில் ஒரு கூச்சம் இருக்குமே, அதுதான் அவர் முகத்தில் இருந்தது.

"கிறிஸ்துமஸ் மாமா. எல்லாரும் நம்ம ஆளுகதான். வாங்க, வந்து ஒரு வார்த்த பேசுங்க."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அடுத்த நிமிடம் அந்தப் பழைய தலைமையாசிரியர் குரல் கூடத்தில் கேட்டது. "வாங்க, வாங்க. கூச்சப்படாம நல்லாச் சாப்பிடுங்க." வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நான் நின்றிருந்தேன். கணவரை ஓரமாக அழைத்துச் சொன்னபோது அவர் எரிச்சலோடு, "ராத்திரி தூக்கமில்ல, அம்புட்டுதான். நீ போயி வெஞ்சனத்தப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். குழம்பில் இரண்டாவது முறையாக உப்பைப் போட்டேன்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய பிரியாணியை எடுத்து வைத்துவிட்டு அத்தையும் நானும் பாத்திரம் துலக்க உட்கார்ந்தோம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் அண்டாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "மழைக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல சாவிய மறந்தாக. அப்புறம் தெருவ மறந்தாக. பண்டிகை முடியட்டும், ஒம் புருசங்கிட்டச் சொல்லுவோம்னு இருந்தேன்."

"அப்ப ஏன் அத்த அவுகள அம்புட்டுப் பேரு முன்னாடி வஞ்சீக?"

அத்தை தேங்காய் நாரால் அண்டாவின் அடியைத் தேய்த்தார். பிறகு, "நான் வையலேன்னா எல்லாரும் அவுகள உத்துப் பாப்பாக. நான் வஞ்சா என்னையத்தான பாப்பாக" என்றார்.

மாமா இப்போது இல்லை. அத்தை எங்களோடுதான் இருக்கிறார். கிறிஸ்துமஸ் பிரியாணி கடையிலிருந்து பொட்டலமாக வருகிறது. நாங்கள் நான்கைந்து பேர் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறோம். அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதும், முன்பே வைத்தியரிடம் போயிருக்கலாம் என்பதும் பிற்பாடு தெரிந்தது. என் கணவருக்கு அதில் இன்றும் தன் அம்மாவின் மீது வருத்தம் உண்டு. அவர் சொல்வது சரி என்றே எனக்கும் தோன்றும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தால் எது சரியென்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நாங்கள் இடுப்பு ஒடிந்தவர்களைப் போல எழுந்து வந்தபோது, மாமா குளித்து, முந்தின நாள் கட்டிய அதே புது வேட்டியைக் கட்டி, வாசலில் தயாராக நின்றிருந்தார். "என்ன, ஒருத்தரும் கெளம்பலையா? கிறிஸ்துமஸ் அன்னைக்காச்சும் நேரத்தோட பூசைக்குப் போக வேண்டாமா?"

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு நாள் நின்றே வேலை செய்ததில் அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. உள்ளே போனவர், பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு தலைசீவி வெளியே வந்தார். "நாங்க ரெடி. நீங்கதான் லேட்டு" என்று மாமாவைக் கடிந்துகொண்டே அவரோடு நடந்தார். இருவரும் தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் மாமா நாற்காலியில் உட்கார்ந்து, உண்மையான கவலையோடு என்னிடம் சொன்னார், "இந்த வருசம் கோயில்ல கூட்டமே இல்லம்மா."

"எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாக" என்றார் அத்தை, செருப்பைக் கழற்றியபடி. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு அந்தப் பிரியாணியச் சூடு பண்ணிக் கொண்டா. பண்டிகையும் அதுவுமா எம்புட்டு நேரம் பட்டினியா இருப்பாக" என்றார்.