பாதியில் நின்ற மூச்சு

என் வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஹுஸ்ம கன்ன" என்றார் டாக்டர். மூச்சை இழுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கா மூச்சு இழுக்கச் சொல்லித் தருகிறார்? மாத்தளைப் பக்கம் உக்குவளையில் எங்கள் தெருப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இழுத்தேன். பாதி வழியில் மூச்சு அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

பித்தப்பையில் (ஈரலுக்கு அடியில் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சிறு பை) கல் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை வீட்டில் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி (தாதி) மூச்சுப் பயிற்சியைக் காட்டித் தந்தார். வயிறு எழும்ப மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விட வேண்டும். இறுகிப்போன உடம்பு இளகும், வலியும் கொஞ்சம் இளகும். "இது வலியத் தாங்கத்தான், கல்லக் கரைக்க இல்ல. காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளிச்சாலோ அந்த நேரமே வந்துருங்க" என்றும் சொன்னார்.

நான் தையல்காரி. மெஷினில் குந்தியபடியே பழகிக்கொண்டேன். மனதுக்குள் ஒரு சுபஹானல்லாஹ் சொல்லி இழுப்பேன், இரண்டு சொல்லி விடுவேன். சும்மா சொல்லவில்லை, வலி உண்மையாகவே இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த நான் எழும்பி உடுப்பு வெட்டினேன். தெருப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு நோன்பு வந்தது. பெருநாள் உடுப்புகள் மெஷினைச் சுற்றிக் குவிந்தன. பகலெல்லாம் வெறும் வயிறு, நோன்பு திறந்ததும் கொழுப்புக் கஞ்சியும் பொரித்த ரோல்ஸும். பித்தப்பைக் கல்லுக்கு இதைவிடக் கெட்ட சாப்பாட்டு முறை இல்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் வலி வந்துவிடும்.

"நோன்பு காலத்துல யாருக்குத்தான் வயிறு நோகல்ல? காஸ்ட்ரிக் புள்ள. இஞ்சி போட்டு பிளேன்டீ குடி" என்றார் என் ராத்தா (அக்கா). அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அந்த மாதத்து வயிற்று வலி ஒரு நோயே இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் அதே பிளேன்டீதான்.

கணவர் மட்டும் முணுமுணுத்தார். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திரிக்கான். நோன்ப உட்டுட்டு கிளினிக்குக்குப் போவம், வா."

"மூச்சாலயே சமாளிச்சிக்கிறன். நீங்க பேசாம இரிங்க."

வலி மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் வந்து போகும். இப்போது வந்தது போகவில்லை. வலது தோள்பட்டைக்கு ஏறியது. மெஷினில் குனிந்திருப்பதால் என்றேன். உடம்பு சுட்டது. வெயில் என்றேன். இழுக்கிற மூச்சு நாளுக்கு நாள் கட்டையானது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் கஷ்டப்பட்டு இழுத்தேன். அத்தனையும் எச்சரிக்கை. அத்தனைக்கும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை. மேசையிலிருந்த துணியே நடுங்குவது போலிருந்தது. நடுங்கியது என் கைதான். கணவர் வந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினார்.

"கை நெருப்பாக் கொதிக்குதே! எழும்பு."

"பெருநாள் உடுப்பு கெடக்குதுங்க..."

"பெருநாளைக்கு நீ இரிக்கணும் புள்ள!"

மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் முச்சக்கரவண்டியில் சுபஹானல்லாஹ் சொல்லி இழுத்துப் பார்த்தேன். சொல் முடிவதற்குள் மூச்சு முடிந்தது. மௌத்து (மரணம்) என்ற சொல் அப்போதுதான் முதல்முறை மனதில் வந்தது. பயந்துபோனேன்.

முதலில் சொன்ன அந்த டாக்டர்தான் விளக்கினார். ஆழமாக மூச்சு இழுத்தால் ஈரலும் பித்தப்பையும் கீழே இறங்கும். பித்தப்பை அழற்சியில் (வீங்கிப் புண்ணாகியிருக்கும் நிலை) அது விரலில் பட்டதும் மூச்சு தானாக நின்றுவிடும். "எத்தனை நாளா மூச்சு இப்படி?" என்று கேட்டார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. கிருமி இரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது. பித்தப்பையை இன்றைக்கே எடுக்க வேண்டும்."

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னபோது நான் தியேட்டருக்குள் (சத்திரசிகிச்சை அறை) இருந்தேன். கணவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் நடையிலேயே நின்றாராம். யாரோ கையில் வைத்த பேரீச்சம்பழத்தைப் பொத்திக்கொண்டே நின்றார் என்று ராத்தா சொன்னார்.

பெருநாள் ஆஸ்பத்திரி வாட்டிலேயே வந்து போனது. மிச்ச உடுப்புகளை ராத்தா தைத்தார். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்ல முடியாது, என் பேரைக் கெடுத்தார்.

தையல் போட்ட வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு மறுபடியும் மூச்சு இழுக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டுமாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னை ஏமாற்றிய மூச்சை மறுபடியும் நம்பச் சொல்கிறார்களே என்றிருந்தது. ஆனால் அது ஏமாற்றவில்லை. பாதியில் நின்று காட்டியது, நான்தான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீங்களும் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். வலி குறையும். மூச்சு இறங்காத இடம் ஒன்று வந்தால் மட்டும் அங்கே நில்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த வருட நோன்பும் வந்தது. என்னைக் கேட்காமலே கை விலாவுக்குக் கீழே போய் நிற்கிறது. பகல் முழுக்க உடம்புக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கதவுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல. பாங்கு சொல்கிறது. பிள்ளைகள் பேரீச்சம்பழத்தை வாயில் போடுகிறார்கள். நான் முதலில் மூச்சை இழுக்கிறேன். எதிரே கணவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எறங்கிச்சா?"

"எறங்கிச்சு."

அதற்குப் பிறகுதான் அவர் நோன்பு திறக்கிறார்.