கதவடியில் வைத்த பொதி

அர்ஜென்டினாவின் வங்கிகள் மக்கள் பணத்தை முடக்கிக் கதவைச் சாத்திய ஆண்டுக்குப் பிறகு, புவெனஸ் ஐரிஸ் நகரின் வில்லா கிரெஸ்போ வட்டாரத்தில் நேற்றுவரை நன்கொடை தந்தவர்களே கைநீட்ட வேண்டியதாயிற்று. யூத உதவிச் சங்கத்தில் ஊதியம் பெறாத தொண்டரான பெர்லா கிரின்ஷ்பூன், அத்தகைய வீடுகளுக்குத்தான் பெசாக் பண்டிகைப் பொதியைச் சுமந்து சென்றாள். புளிப்பில்லா அப்பம், திராட்சை ரசம், உருளைக்கிழங்கு, ஒரு கோழி. கதவடியில் வைத்து, இருமுறை தட்டிவிட்டுப் படியிறங்கிவிட வேண்டும்; வாங்குபவரின் முகத்தைக் கொடுப்பவர் பார்க்கலாகாது. அவள் தந்தை காலத்திலிருந்தே அதுதான் முறை. பாதிப் படியில் கதவு திறக்கும் ஓசை கேட்கும். அது போதும் அவளுக்கு.

துணிக்கடை வைத்திருந்த சவுல் வைஸ்பெய்ன், ஒரு காலத்தில் சங்க விழாக்களில் முதல் வரிசையில் அமர்ந்தவர்; எல்லோரும் மரியாதையாகத் 'தொன் சவுல்' என்றழைத்தவர். கடை மூழ்கியபின் பெர்லாதான் அவரிடம் பேசிப் பொதியை வாங்கிக்கொள்ள இசைய வைத்தாள். "ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, பெர்லா. தெரிஞ்சா நான் ஜெப ஆலயத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்" என்றார். யாருக்கும் தெரியவராது என்று அவள் வாக்களித்தாள்.

அவ்வாண்டு சங்கத் தலைவியும் பெர்லாவின் பள்ளித் தோழியுமான ஃபேனி, எந்த வீட்டுக்கு எப்போது போகிறாய் என்று விசாரித்தாள். தன் முழங்கால் வலிக்கு உதவியாக ஆள் அனுப்பக் கேட்கிறாள் என்றெண்ணி பெர்லா எல்லாவற்றையும் சொன்னாள். ஆள் யாரும் வரவில்லை.

பண்டிகைக்குப் பின் சங்கம் நடத்திய நன்கொடை திரட்டும் விருந்தில் விளக்கை அணைத்து ஒரு சிறு படம் காட்டினார்கள். மாடிப்படியின் மேலிருந்து எடுத்தது. ஒரு கதவு, அதனடியில் பொதி. கதவு சற்றே திறந்து ஒரு கை நீண்டு பொதியை உள்ளே இழுத்தது. முகம் தெரியவில்லை. ஆனால் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. மீதியைத் துணி வெட்டும் இயந்திரம் கொண்டுபோயிருந்தது. மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணத் துணி அளந்து கொடுத்த கை அது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த மேசையில் ஒருத்தி முட்கரண்டியை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

மேலங்கிகள் மாட்டியிருந்த அறையில் பெர்லா ஃபேனியைப் பிடித்துக்கொண்டாள்.

"படியில ஆளை ஒளிச்சு வச்சியா?"

"முகத்தைக் காட்டலையே."

"அந்த விரலை இங்க யாருக்குடி தெரியாது? உன் கல்யாணத் துணியே அவர் கடையிலதான எடுத்த?"

"இன்னைக்கு வந்த பணத்துல எத்தனை வீட்ல அடுப்பு எரியும் தெரியுமா? உன் கண்ணுக்கு ஒரு விரல்தான் தெரியுது. நீயும் உங்கப்பா காலத்துச் சட்டமும்."

அடுப்பு எரியும் என்பது உண்மை. பெர்லா தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் சவுலின் இருக்கை காலியாக இருந்தது. மறுநாள் பெர்லா வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போனாள். பழக்கத்தில் இருமுறை தட்டினாள், படியிறங்காமல் நின்றாள். காலடி ஓசை கதவுவரை வந்து நின்றது.

"நான் பெர்லா, தொன் சவுல். நான் யார்கிட்டயும்..."

ஃபேனியிடம் சொன்னவள் அவள்தானே.

"ரெண்டு தட்டு தட்டினா நீன்னு எனக்குத் தெரியும்" என்றார் உள்ளிருந்து. "தட்டிட்டு எப்பவும் போயிடுவியே. இன்னைக்கும் போயிடும்மா."

பெர்லா படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்கினாள். பாதிப் படியில் வழக்கம்போல் காது கொடுத்தாள். தெருவுக்கு வந்து சேரும்வரை கதவு திறக்கவில்லை.