தும்மலுக்குக் காவல்

கண் ஆஸ்பத்திரி வேலையில் பாதி, நோயாளியை அசையாமல் படுத்திருக்க வைப்பதுதான். வார்டில் வேலை பார்த்தவர்களும் படுத்துக் கிடந்தவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் அப்படி ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது நர்ஸ் ஞானம் சொன்ன ஒரு சங்கதியை இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. தும்மல் மூக்குக்கு வருமுன் காலில் தெரிந்துவிடுமாம்.

அந்தக் காலத்தில் கண்புரை எடுத்த காயத்துக்குத் தையல் கிடையாது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல்பை வைத்து மல்லாக்கப் படுக்க வைப்போம். காயம் தானாக ஒட்ட வேண்டும். அதற்குள் ஒரு தும்மல் வந்தால் கண் போனாலும் போய்விடும்.

இரண்டாவது டப்பி

கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில்தான் ஆபரேஷன். மூக்குப்பொடி போடுகிறவர் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞானம் கையை நீட்டினார். வாத்தியார் நல்ல பிள்ளையாக இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்துக் கொடுத்தார். நீட்டிய கை மடங்கவில்லை. "இன்னொண்ணு எங்க கீது, சாமி?" தலையணை உறைக்குள்ளிருந்து வாத்தியார் இன்னொன்றை எடுத்தார்.

"அது போட்டுக்கறதுக்கு இல்லே, நர்ஸம்மா. பக்கத்துல இருக்குங்கற தைரியத்துக்கு."

மாம்பலத்து மச்சினர்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வாத்தியாரின் மச்சினர் மாம்பலத்திலிருந்து வந்தார். அவரும் பொடிக்காரர். ஞானம் அவரை வாசலிலேயே நிறுத்தி, கையையும் மூக்கையும் கழுவ வைத்து, பொடி நெடியடித்த அங்கவஸ்திரத்தையும் வாங்கிக்கொண்டார்.

"யாரு, சீமாவா? வாசனையே வரலையே!" என்றார் கட்டுக்குள்ளிருந்து வாத்தியார்.

"எல்லாத்தையும் பிடுங்கிண்டுட்டா, அத்திம்பேர். வேஷ்டிதான் பாக்கி."

வாத்தியாரின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பும் எங்கள் வார்டில் விலக்கு. ஞானம் ஓடி வந்தார்.

"இன்னா சாமி, பாக்க வந்தியா, கண்ணக் கெடுக்க வந்தியா?"

கட்டைவிரல்

ஞானம் எப்போதும் வாத்தியாரின் கால்மாட்டில்தான் முக்காலி போட்டு உட்கார்வார். காரணம் கேட்டேன்.

"மூஞ்சிதான் கட்டுக்குள்ள பூட்டுச்சே, கம்பவுண்டரே. தும்மல் வரதுக்கு முந்தி கால் கட்டைவிரல் மேல தூக்கும். அத்தப் பாத்துக்கினே இருந்தா போதும்."

வீட்டுக்குப் போய்ப் பொடி போட்டுப் பார்த்தேன். விரல் தூக்கியது. ஆனால் தும்மலுக்காகத் தூக்கியதா, நான் பார்க்கிறேன் என்பதற்காகத் தூக்கியதா? மறுபடி போட்டேன். அதற்குள் என் மனைவி வந்துவிட்டாள்.

"தும்மறதுன்னா தும்முங்க. காலை எதுக்கு முறைக்கிறீங்க?"

மிளகாய் நெடி

ஒரு மத்தியானம் நல்ல மழை. வாத்தியாருக்கு நடுக்கம் எடுத்தது. கம்பளியைக் கொண்டுவந்து பாதமும் மூடும்படி இழுத்துப் போர்த்திவிட்டு, வார்டின் மறுகோடியில் சொட்டுமருந்துச் சீசாக்களைக் கழுவப் போனேன். ஞானத்துக்கு வேலைநேரம் முடிந்து மாற்று நர்ஸும் வந்தாயிற்று. அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று ஈரக் காற்றோடு சமையல்கட்டிலிருந்து மிளகாய் தாளித்த நெடி வந்தது. எனக்கே தொண்டை கமறியது. வாத்தியார் ஞாபகம் வந்து ஓடினேன். அங்கே ஞானம் வீட்டுப் புடவையில், கையில் குடை தொங்க, தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் விரல் வாத்தியாரின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே அழுந்தியிருந்தது. வாத்தியாரின் மார்பு ஒருமுறை உயர்ந்து, அப்படியே நின்று, மெல்லத் தணிந்தது.

"போயிடுத்து. ஆனா விரலை எடுத்துடாதே, நர்ஸம்மா, இன்னொண்ணு வரிசையில நிக்கறது."

கண் பிழைத்தது. கட்டு அவிழ்த்த அன்று வாத்தியார் முதலில் பார்க்கக் கேட்டது அந்த விரலைத்தான். அவ்வளவு சட்டென்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டபோது, "அதான் சொன்னேனே, கட்டைவிரல்" என்று ஞானம் போய்விட்டார்.

கண்ணைக் காக்கும் இடத்தில் சம்பளம் வாங்கிய நான், இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பது ஒரு காலைப் பற்றித்தான். சமீபத்தில் திருவான்மியூரில், தன் தங்கை வீட்டில் இருக்கும் ஞானத்தைப் பார்த்துக் கேட்டே விட்டேன்:

"அன்னிக்கு வாத்தியார் காலை நான்தானே கம்பளியால மூடியிருந்தேன். நீங்க எந்த விரலைப் பார்த்தீங்க, நர்ஸம்மா?"