சாமியின் அரிவாள்

மகனுக்கு வேலை கிடைத்தால் குலசாமிக்கு அரிவாள் செய்து வைப்பதாக நேர்ந்திருந்தேன். கிடைத்தது. மாசியில் சாமி கும்பிடுக்குச் சொந்தபந்தங்களை அழைக்க, அந்தப் புது அரிவாளுக்குச் சந்தனம் பூசி, படமெடுத்துச் சமூக வலைத்தளத்தில் போட்டேன். காப்பி ஆறுவதற்குள் படத்தை நீக்கிவிட்டார்கள். வன்முறையாம்.

அதே வாரம் அங்கேயே ஊர்க்காரர்கள் குழு ஒன்றில், கே.கே. நகரில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கி வழிவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே முகம் தெரியாத ஒருவன், "பொம்பளைக்கு இம்புட்டு வாயா? வீடு தெரியும், வந்து வெட்டிருவேன்" என்று எழுதினான். புகார் கொடுத்தேன். அது விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. குழுவை நடத்துகிறவரிடம் சொன்னேன். "கருத்துச் சுதந்திரம்க்கா, நாம தலையிடக் கூடாது" என்றார்.

கொழுந்தன் சிரித்தான். "விடுங்க மதினி. அவங்க கண்ணுக்குச் சாமி அருவா மட்டுந்தான் தெரியும் போல."

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இன்னொரு முறை புகார் எழுதவும் அலுப்பாக இருந்தது. அந்த மிரட்டலை அங்கிருந்து அகற்ற எனக்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது. என் பதிவை நானே அழித்தேன்.

வாசலில் சாக்கடை இன்னும் நாறுகிறது. வலைத்தளத்தில் எங்கள் தெரு சுத்தமாக இருக்கிறது.