புதன்கிழமை பதினோரு மணி

எங்கள் இடத்தில் யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. வீடில்லாத பெண்கள் காலை ஒன்பதுக்கு வந்து, குளித்து, துணி துவைத்து, கொஞ்சம் காலை நீட்டிப் படுத்து, மாலை ஐந்துக்குக் கிளம்பிப் போகிற இடம் இது. பதிவேட்டில் ஆளுக்கொரு கோடு, அவ்வளவுதான். வருகிறவள் தன்னை மகாராணி என்று சொன்னால் நாங்களும் மகாராணி என்றே கூப்பிடுவோம். போனில் யார் யாரைக் கேட்டாலும் "அப்படி யாரும் இங்க இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அடித்து விரட்டிய புருஷன்மார்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கி, தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் வந்த விதி. ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

இஸ்திரியக்காவுக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் துணி தேய்த்தவள். தங்குவதற்கும் அங்கேயே பின்பக்கம் ஓர் அறை. ஹோட்டலை இழுத்து மூடியபோது வேலையும் அறையும் ஒரே நாளில் போயின. எங்களிடம் வந்த முதல் நாளே, மூலையில் கிடந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, "இது உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பின்னறையில் நின்றபடி எல்லோருடைய துணியையும் தேய்ப்பாள். இன்டர்வியூவுக்குப் போகிற பெண்ணின் சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு வைத்துக் கொடுப்பாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். என் கைக்குட்டையைக்கூடப் பிடுங்கித் தேய்த்திருக்கிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. அவள் என்னைப் பாப்பா என்பாள்.

ஐந்து மணிக்கு மேல் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்குப் போய்விடுவாள். கையில் ஒரு காலி ஃபிளாஸ்க். "ஃபிளாஸ்க் இருந்தா எவனும் எழுப்ப மாட்டான் பாப்பா. யாருக்கோ துணைக்கு வந்திருக்கேன்னு நெனச்சுக்குவான்" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் அவளுக்குப் போன் வேண்டும். வேறு ஊரில் கட்டிக்கொடுத்த ஒரே மகளோடு பேசுவாள். போன் வயர் நீளமானது, இஸ்திரி மேசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள். மகளுக்குக் கேட்கட்டும் என்று ஈரத்துணி மேல் பெட்டியை வைத்து உஸ்ஸென்று ஆவி கிளப்புவாள். "ஆமாண்டி, வேலையிலதான் இருக்கேன். இன்னைக்கு எம்பது போர்வை, இடுப்பு ஒடியுது. மேனேஜர் வர்றாரு, வச்சிடட்டுமா?" மேனேஜர் என்று அங்கே இருந்தது நான்தான். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு வரவில்லை.

ஹோட்டல் மூடியது மகளுக்குத் தெரியாது. அவளோ ஒன்றரை அறை வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனார் என்று ஆறு பேரோடு இருப்பவள். தெரிந்தால் பதறிப்போய் வா என்பாள், போனால் அவள் பாடு திண்டாட்டம். "அவ நிம்மதியா இருக்கட்டும் பாப்பா. என்னால குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்" என்பாள் அக்கா.

ஒரு திங்கட்கிழமை குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது. துடைப்பமும் கையுமாக நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு பெண் குரல் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டது. நான் கேள்விப்படாத பெயர்.

"அப்படி யாரும் இங்க இல்ல."

"இது ஹோட்டல்தானேங்க? துணி தேய்க்கிற எடம்?"

"ஹோட்டலா? வீடு வாசல் இல்லாத பொம்பளைங்க பகல்ல வந்துட்டுப் போற எடம்மா இது. ராங் நம்பர்."

"பையனுக்கு மொதப் பல்லு விழுந்துச்சு. புதன்கெழம வரைக்கும் பொறுக்க மாட்டேன்னு அழுதான், அதான் பண்ணேன். அப்ப... புதன்கெழம பதினோரு மணிக்கு இந்த நம்பர்லேர்ந்து யாருங்க எங்கூடப் பேசுறாங்க?"

திரும்பிப் பார்த்தேன். பின்னறையில் அக்காவின் முதுகு தெரிந்தது. யாருடைய பாவாடையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை டீ கொடுக்கும்போது வாய் வரை வந்தது. "என்ன பாப்பா, மொகம் தொங்கிப்போச்சு? ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டாள், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறவள். சொல்ல வந்ததை முழுங்கினேன். கோழை, வேறென்ன.

புதன்கிழமை பதினோரு மணிக்கு வயரை இழுத்துக்கொண்டு போனாள். நான் அடுக்கிய தாள்களையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நாந்தாண்டி... ஆமா, வேலையிலதான்... ஐயோ, பல்லு விழுந்திருச்சா? கீழ்ப்பல்லா?" என்று சிரித்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மகள் எதையும் கேட்கவில்லை போல. ஆவி உஸ்ஸென்றது. "எம்பது போர்வைடி... நீயும் நேரத்துக்குச் சாப்புடு... ம்... ம். சரி, வச்சிடறேன்."

போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வயரை மெதுவாகச் சுற்றினாள்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு பாப்பா."

"என்னக்கா சொல்றீங்க?"

"போனை வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேப்பா. 'எப்பம்மா லீவு போட்டுட்டு இங்க வர்றே?'ன்னு. ரெண்டு வருஷத்துல ஒரு வாரம் தவறினதில்ல. லீவு கெடைக்கலடின்னு நான் சொல்லுவேன். இன்னைக்கு அவ கேக்கல."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கக்கெழமையேவா?" என்றாள். "அப்ப ரெண்டு நாள் யோசிச்சிருக்கா." சுற்றிய வயரை மேசையில் வைத்துவிட்டு, "பாவம், அவதான் என்ன பண்ணுவா, எங்க படுக்க வைப்பா?" என்றாள்.

ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த புதன்கிழமையும் பதினோரு மணிக்கு வயரை இழுத்துக்கொண்டு போனாள். பேச்சும் அதேதான், போர்வையும் எண்பதுதான். ஆவி மட்டும் கிளப்பவில்லை.