அக்காவை ஊமை என்று சொன்னவள்

போன சனிக்கிழமை பலெர்மோவின் கபோ சந்தையில் ஒரு கடைக்காரன் புகையூட்டிய பாற்கட்டியில் ஒரு துண்டை வெட்டி, கத்தி நுனியிலேயே என் முகத்துக்கு நேரே நீட்டினான். தின்று பார் என்றான். என்னால் வாய் திறக்க முடியவில்லை. விறகுப் புகையும் பாலும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, பஸ் போகப்போகுது, அந்தியாமோ, போவம்" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கல்லூரிக்குப் போகிற பெண், இன்னமும் சட்டையைப் பிடித்துத்தான் இழுப்பாள்.

அது என் அக்காவின் மணம். அக்கா கன்னியாஸ்திரி. மன்னாரில் தாதியாக வேலை பார்த்து, மடத்தில் சேர்ந்து, மடத்தாராலேயே இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு அனுப்பப்பட்டவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னையும் சண்டைக்குள் இருந்து இழுத்தெடுத்து, பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்கு விட்டவள் அவள்தான். சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது என் வேலை. வந்த புதிதில் இரண்டு கழுத்துப்பட்டிகளைச் சுட்டுப் பொசுக்கினேன். 'சுட்டுவிட்டது' என்பதற்கு இத்தாலிய மொழியில் சொல் தெரியாமல், வக்கீலின் மனைவி சிஞ்ஞோராவிடம் "சட்டை செத்துப்போச்சு" என்று சொன்னேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பாதது அக்காவின் முகத்துக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சீசா என்ற பகுதியில் இருந்த அக்காவின் மடத்துக்குப் போவேன். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கட்டடம். பார்வையாளர் அறையில் நாற்காலிகள் எப்போதும் மெழுகு மணக்கும். அங்கே வைத்துத்தான் அக்கா, தான் ஆப்பிரிக்காவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். கென்யாவின் வடக்கே, தார்ச்சாலை முடிந்து, அதற்கப்பால் காய்ந்த ஆறுகளையும் தாண்டி, ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற சனங்களிடம்.

"அங்கை ஒருத்தருக்கும் யேசுவைத் தெரியாதாம்" என்றாள்.

"எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். அதால என்ன நடந்தது?" என்று கேட்டேன். அம்மா அப்போது மடு மாதா கோயிலடியில் அகதியாக, மரத்துக்குக் கீழே கூடாரத்தில் இருந்தார்.

அக்கா கோபிக்கவில்லை. "நீ கேக்கிறது சரி" என்றாள். ஆனாலும் போனாள்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி இருந்தாள். பையில் ஒரு சுரைக்குடுவை. அந்தச் சனங்கள் குடுவைக்குள் கங்குகளைப் போட்டுக் குலுக்கிப் புகையேற்றிவிட்டுத்தான் பால் ஊற்றுவார்களாம். அவளுடைய உடுப்பு, தலைமுடி, செபமாலை எல்லாம் அந்தப் புகைதான் மணத்தது. மடத்துச் சமையற்காரி மூக்கைச் சுளித்தாள். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்டேன். ஒருவருமில்லை. மருந்துக்கு வருவார்கள், காயம் கட்ட வருவார்கள். செபம் என்றால் ஆடு தேடப் போய்விடுவார்கள். நாக்கிரு என்று ஒரு பெண்மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்பாளாம். ஆறு பிள்ளை பெற்றவள், பல்லுக்குள் எப்போதும் ஒரு குச்சி. யேசுவைச் சிலுவையில் அறைந்த கதையை அக்கா சொல்லி முடித்த அன்று அவள் கேட்டாளாம்: "அவரைக் கொன்றவர்களை அவருடைய ஆட்கள் என்ன செய்தார்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை, மன்னிச்சவர் எண்டு சொன்னன்" என்றாள் அக்கா. "அவள், அப்ப தாய்க்கு என்ன நடந்தது, தாயை ஆர் பாத்தது எண்டு கேட்டாள். எங்கட அம்மாவை நினைச்சு எனக்கு மறுமொழி வரேல்லையடி."

அக்கா திரும்பிப் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை, நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, மடத்துத் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். உடனே வா என்றார். பஸ்ஸில் நின்றபடி போனேன். இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

துப்பாக்கியோடு மந்தை கொள்ளையிட வந்தவர்கள் ஊருக்குள் புகுந்திருந்தார்கள். மருந்தகம் எரிந்துவிட்டது. அங்கிருந்த இரண்டு இத்தாலியக் கன்னியாஸ்திரிகளைச் சிறிய விமானம் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. அக்கா அதில் இல்லை.

சில நாட்களில் அந்த இருவரில் ஒருவரான சுவோர் லூச்சியா பலெர்மோவுக்கு வந்தார். கையில் கட்டு. நாக்கிருவின் மகளுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடந்தது, அக்கா விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள், விமானி காத்திருக்க மறுத்தான் என்று சொன்னார்.

"நீங்கள் ஏன் ஏறினீர்கள்?" என்று கேட்டேன். என் அரைகுறை இத்தாலிய மொழியில் அது கேட்டதைவிடக் கடுமையாக விழுந்திருக்கும். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். இன்று நினைத்தால், ஏறாமல் இருந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கமாட்டார்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? சிஞ்ஞோரா தொலைபேசியை நீளமான வயரோடு இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அது அடிக்கும்போதெல்லாம் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பல்வைத்தியர், மீன்காரன், சிஞ்ஞோராவின் தங்கை. ஒவ்வொருவர் மீதும் எனக்கு வெறுப்பு வந்தது. நம் தமிழ்ச் சனங்கள் பூசைக்குப் பிறகு என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஒண்டும் நடந்திராது" என்றார்கள். சண்டைக்குள் ஆட்களைத் தொலைத்த சனங்கள் அதைச் சொல்லும்போது ஒருவரும் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. மடுவில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தி அனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அனுப்பவும் வழியில்லை. அந்த ஒரு விஷயத்தில் வழியில்லாதது நல்லதாய்ப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. நான் எடுக்காமல் நின்றேன். சிஞ்ஞோரா எடுத்தார். கேட்டார். பிறகு அதை என் காதில் வைத்தார்.

"நான்தான்" என்றது அக்காவின் குரல். "உயிரோட இருக்கிறன். அழாதை, காசு ஓடுது."

எங்கேயோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்து பேசினாள். முழுக் கதையையும் பிறகு நேரில் வந்துதான் சொன்னாள். பிள்ளை பிறந்த கையோடு சுடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. நாக்கிரு அக்காவின் வெள்ளை உடுப்பை உருவி நெருப்பில் போட்டாள். சிலுவையைக் கழற்றி மண்ணில் புதைத்தாள். தன்னுடைய ஆட்டுத்தோலையும் மணிகளையும் அவளுக்குப் போட்டு, தலையை மழித்து, நெய்யும் செம்மண்ணும் பூசி, பிறந்த பிள்ளையைக் கையில் கொடுத்து உட்காரவைத்தாள். ஆயுதக்காரர்கள் குடிசைக்குள் தலையை நுழைத்து, இது யார் என்று கேட்டார்கள்.

"என்னுடைய மகனின் மனைவி. ஊமை" என்றாள் நாக்கிரு.

ஒருவன் அக்காவின் மோவாயைத் துப்பாக்கி முனையால் நிமிர்த்திப் பார்த்தான். பிள்ளை வீறிட்டு அழுதது. ஊமைத் தாய் எப்படிப் பிள்ளையைத் தேற்றுவாள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். அவன் போனான்.

அதன் பிறகு சனங்கள் மந்தையில் எஞ்சியதை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள். அக்காவும் நடந்தாள். வழியில் மனிதர் எதிர்ப்படும்போதெல்லாம் ஊமையாகவே இருந்தாள்.

"வெள்ளைத் தோலா இருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள், கையைத் திருப்பிப் பார்த்தபடி. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் கறுப்பி எண்டு வேண்டாம் எண்டு போனவங்கள், ஞாபகமிருக்கே?" இருவரும் சிரித்தோம். பிறகு நான் நிறுத்தினேன். அவள் திரும்பவும் போகப்போவது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"விசரே உனக்கு? ஒருத்தரும் வேதத்துக்கு வரேல்லை. பிறகேன் போறாய்?"

"நாக்கிரு கேட்டதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

போனாள். இன்னும் சில வருடம் இருந்தாள். பிறகு மூளைக்கு ஏறிய மலேரியா. உடலை நகரத்துக் கல்லறைக்குக் கொண்டுபோக மடத்தார் வண்டி அனுப்பினார்கள். நாக்கிருவின் சனங்கள் கொடுக்கவில்லை. ஒரு தாயை அடக்குவதுபோல, ஆட்டுப்பட்டிக்குள் குழி வெட்டி, மேலே கற்களைக் குவித்து வைத்தார்கள் என்று சுவோர் லூச்சியா சொன்னார். பாதிரியார் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம்.

சீசாவில் அந்த மஞ்சள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அது விடுதி. சுற்றுலாக்காரர்கள் சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நுழைகிறார்கள். சிஞ்ஞோரா இல்லை. சுவோர் லூச்சியா இல்லை. அந்த ஊரிலும் கிணறு வற்றி, சனங்கள் மந்தையோடு வேறெங்கோ போய்விட்டார்களாம். பட்டியின் முள்வேலியைக் கறையான் தின்றிருக்கும். கற்கள் அங்கேதான் கிடக்கும். எந்தக் குவியல் என் அக்காவினுடையது என்று காட்டக்கூடியவர்கள் எந்தத் திசையில் நடந்துபோனார்கள் என்று எனக்குச் சொல்ல ஒருவருமில்லை.