அளவுக்குத் தேறாத வயிறு

என் கையெழுத்தைப் படிக்க உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போனவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் இந்தக் கோபம் மட்டும் இத்தனை வருடமாக ஆறவில்லை.

எண்பதுகளில், ஆம்பூர் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நோயில்லாத பிள்ளைகள் வேண்டுமாம். புதிதாக வந்திருந்த ஸ்கேன் மெஷினில் வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களை அளந்து, எந்த வயதில் எவ்வளவு அகலம் என்று குறித்துக்கொள்வார்களாம். நல்ல பிள்ளையின் அளவு தெரிந்தால்தான் நோயாளிப் பிள்ளையின் அளவு புரியும் என்றார் வாத்தியார். என் பெயரையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவதில் ஒருவன் பெருமைப்பட முடியுமென்றால், அன்று நான் பட்டேன்.

அம்மா உடனே சரியென்றாள். எனக்கு மூத்தவன் வயிறு வீங்கி, ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போயிருந்தான். கல்லீரலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று சொன்னார்களாம். எனக்கும் அப்படி இருக்குமோ என்ற பயம் அவளுக்கு.

"நல்லாருக்கிற புள்ளய ஏன் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போற?" என்றார் அப்பா.

"நல்லாருக்கானான்னு அந்த மெஷின் சொல்லட்டும்."

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனையும் கடைசி நாட்களில் வாயில் ஒன்றும் கொடுக்காமல்தான் வைத்திருந்தார்கள். களி கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தான். அம்மாவால் இன்னொரு பிள்ளையைப் பட்டினியாக ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த முடியவில்லை. பஸ் ஏறும் முன் களியும் கீரையும் உருட்டி உருட்டி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, "கேட்டா துன்னலன்னு சொல்லு" என்றாள்.

கேட்டார்கள், சொன்னேன். டாக்டர் என் வயிற்றில் சில்லென்று பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினார்.

"என்னம்மா இது? வயிறு முட்ட சாப்பிட்டிருக்கான்."

"இல்ல சார், பச்சத்தண்ணி கூட குடிக்கல."

"ஸ்கிரீன்ல தெரியுதும்மா. சாப்பிட்டா குழாய் பெருத்துடும், அளவு தப்பாயிடும். எறக்குங்க இவன."

பக்கத்தில் நின்ற நர்சம்மா சிரித்தாள். "பந்தியில உக்கார வச்சு இட்டுனு வந்தியா? இதுங்களுக்கு எத்தினி தபா சொன்னாலும் ஏறாது." பெஞ்சில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

அம்மா நகரவில்லை. "அளவு வாணாம் சார். உள்ள பாத்தீங்களே, அடைப்பு கிடைப்பு இல்லாம நல்லாருக்குதா? அத மட்டும் சொல்லுங்க."

"அடுத்த பையன கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

வெறும் வயிறு ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அளக்கத்தான் முடியாது, பார்க்கவுமா முடியாது? நல்ல பிள்ளை வேண்டுமென்று ஊர் தேடி வந்தவர்களுக்கு, அந்தப் பிள்ளையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில்லை. எனக்கு மீசை முளைக்கும் வரை, நான் குளிக்கும்போதெல்லாம் அம்மா என் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் என் வயிற்றின் மேல் கையை வைத்து, முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். அந்த மெஷின் வைத்த பரீட்சையில் நான் ஃபெயிலாகிவிட்டேன், அதுதான் அவளுக்கு வருத்தம் என்று நினைத்தேன்.

"அடுத்த தபா துன்னாம வந்து பாஸாய்டுறேம்மா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆவணி முதல் ஞாயிறு, ஷாப் லீவு நாளில் எழுதியது.